நோயாளியே உபாதையைச் சொல்லும் ஆப்: திரையை வரைவதற்கு முன்

"ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக, கீமோ முடிந்து வீட்டுக்குப் போன நோயாளிகள் தங்கள் உபாதைகளைத் தாங்களே பதிவு செய்ய ஒரு ஆப் செய்கிறோம். எத்தனை கேள்வி கேட்கலாம், மதிப்பெண்ணா முகப் படங்களா, வாரம் ஒரு முறையா தினமுமா? இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை வெறும் ஃபேஷனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பயன் உண்டென்றால் அது எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், கேள்விகளின் எண்ணிக்கை, அளவுகோல் எல்லாவற்றுக்கும் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். நான் கீமோ டே கேரில் சிஸ்டராக வேலை பார்த்துவிட்டு, பிறகு மருத்துவ ஆய்வுகளில் நோயாளி வினாத்தாள்களைக் கையாளும் வேலைக்கு வந்தவள். புரோகிராமிங் என் துறை இல்லை. சர்வர், பாதுகாப்பு பற்றியெல்லாம் இந்தப் பதிலில் ஒன்றும் இருக்காது.

சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நோயாளி படுகிற பாட்டை மருத்துவமனைப் பதிவுகள் குறைத்துத்தான் காட்டுகின்றன. மூன்று மருந்து ஆய்வுகளின் பதிவுகளை இத்தாலியின் மாசிமோ டி மாயோவின் குழு ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் என்று ஆறே உபாதைகள். நோயாளி தன் கைப்பட 'இருக்கிறது' என்று குறித்தவற்றில், உபாதையைப் பொறுத்து 40.7 முதல் 74.4 சதவீதம் வரை டாக்டரின் பதிவில் இடம்பெறவே இல்லை. கண்ணால் பார்த்தாலே தெரியும் முடி உதிர்தலும் இதில் சேர்த்தி. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஓபியில் அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது "எப்படி இருக்கீங்கம்மா?" என்பார் டாக்டர். "பரவாயில்லைங்க" என்று அந்த அம்மா சொல்வார். ரத்த அறிக்கை சரியாக இருந்தால் அடுத்த கீமோவுக்குச் சீட்டு எழுதியாகிவிடும். போன வாரம் நான்கு நாள் வாயில் தண்ணீர்கூட வைக்க முடியாமல் கிடந்தது அந்தப் 'பரவாயில்லை'க்குள் போய்விடும். உண்மையைச் சொன்னால் கீமோவைத் தள்ளிப்போட்டு விடுவார்களோ என்ற பயத்தில் வேண்டுமென்றே மறைப்பவர்களும் உண்டு.

இனி பயனுக்கு வருவோம். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் குழு நடத்திய ஆய்வை. 2007 முதல் 2011 வரை, புற்றுநோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்கள் 12 பொதுவான உபாதைகளைக் கணினியில் தாங்களே குறித்தார்கள். ஏதாவது ஒன்று கடுமையான நிலையை எட்டினாலோ, முன்பு சொன்னதைவிட இரண்டு புள்ளி மோசமானாலோ சிஸ்டருக்கு மின்னஞ்சல் போகும். அவ்வளவுதான் கருவி. ஓராண்டில் அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் தாங்களே குறித்த குழுவில் 34 சதவீதம், மற்றதில் 41. கீமோவைத் தாங்கித் தொடர்ந்த காலம் சராசரியாக 8.2 மாதம், மற்றதில் 6.3. 2017-இல் வந்த நீண்டகால முடிவில், உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், எதிர்க்குழுவில் 26.0. ஒரு கேள்வித்தாளால் ஐந்து மாதமா என்று உலகமே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கட்டுரையில் நீங்கள் கவனிக்க வேண்டிய எண் வேறு. சிஸ்டர்களுக்குப் போன எச்சரிக்கைகளில் 77 சதவீதத்துக்கு அவர்கள் ஏதோ ஒன்று செய்தார்கள். போன் போட்டு என்ன சாப்பிடலாம், எந்த மாத்திரையை எப்போது போடலாம் என்று சொன்னார்கள், மருந்து மாற்றித் தர ஏற்பாடு செய்தார்கள், தேவைப்பட்டால் உடனே வரச் சொன்னார்கள். பயன் வருகிற இடம் இதுதான் என்பது என் முடிவு. ஒரு குழுவுக்குக் கேள்வித்தாளை மட்டும் கொடுத்து, மற்றொரு குழுவுக்குக் கேள்வித்தாளோடு சிஸ்டரையும் கொடுத்து ஒப்பிடவில்லை என்பதால், இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டே கேரில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் வேறு விடை சொல்வார்கள் என்று தோன்றவில்லை.

ஆயுள் நீளும் என்பது அவ்வளவு உறுதியான சங்கதி இல்லை. அது ஒரே மருத்துவமனையில், அதுவும் அமெரிக்காவின் தலைசிறந்த ஒன்றில் நடந்தது. அதே பாஷ் பின்னர் 25 மாநிலங்களில் 52 சாதாரண சிகிச்சை மையங்களில் 1,191 பேரை வைத்து ப்ரோ-டெக்ட் என்ற பெரிய ஆய்வை நடத்தினார். 2022-இல் வந்த முடிவுகளின்படி உடல் இயக்கம், உபாதைக் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் எல்லாம் மேம்பட்டன. பின்னர் வந்த இறுதி முடிவில் அவசரப் பிரிவுக்குப் போவதும் தள்ளிப்போனது. ஆனால் அதில் ஆயுளில் வித்தியாசம் தென்படவில்லை. பிரான்சில் ஃபாப்ரிஸ் டெனி குழு நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் வாரம் ஒரு முறை இணையப் படிவம் வாங்கியதில் ஆயுள் 12 மாதத்திலிருந்து 19 மாதமானது என்பதும் உண்மை. ஆனால் அதன் நோக்கமே வேறு. நோய் திரும்புவதை முன்கூட்டியே பிடிப்பதற்காகச் செய்தது. 133 பேர் மட்டுமே கொண்ட ஆய்வு, அதையும் இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே உங்கள் திட்ட அறிக்கையில் 'ஆயுளை நீட்டிக்கும் செயலி' என்று போடாதீர்கள். 'அவதியைக் குறைக்கும், தேவையில்லாத அட்மிஷனைக் குறைக்க வாய்ப்புண்டு' என்று எழுதினால் யாரும் உங்களை மடக்க முடியாது. ஐரோப்பிய புற்றுநோய் மருத்துவர் சங்கமான எஸ்மோ 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சிகிச்சைக் காலத்தில் இந்த முறையைப் பரிந்துரைக்கிறது.

வடிவமைப்பை நோயாளியின் திரையில் தொடங்காமல் சிஸ்டரின் மேசையில் தொடங்குங்கள். ஒவ்வொரு கேள்வியையும் வைப்பதற்கு முன், இதற்கு மோசமான விடை வந்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்வார் என்று எதிரில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை கூடுதலாகப் போனால் அது கடுமையில் இரண்டாம் நிலை, ஏழும் அதற்கு மேலும் என்றால் மூன்றாம் நிலை. இது உலகம் முழுக்கப் புற்றுநோய்ப் பிரிவுகளில் வைத்திருக்கும் கணக்கு. இரண்டாம் நிலைக்கு ஓஆர்எஸ், மாத்திரை, மறுநாள் ஒரு போன் என்றும், மூன்றாம் நிலைக்கு அன்றைக்கே வரச் சொல்வது என்றும் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவருக்கு இதே கணக்கு செல்லாது. அவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் குடல் அழற்சியாக இருக்கலாம், சீக்கிரமே டாக்டர் பார்க்க வேண்டும். நோயாளி எந்த மருந்தில் இருக்கிறார் என்பது ஆப்புக்குத் தெரியாவிட்டால் எச்சரிக்கை எல்லை எல்லோருக்கும் தப்பாகத்தான் இருக்கும்.

காய்ச்சலை இந்தப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில், பெரும்பாலான மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, 100.4 டிகிரி என்பதே அவசர நிலை. அதைப் பதிவு செய்துவிட்டு சிஸ்டர் கூப்பிடுவார் என்று காத்திருக்கும் நோயாளி, ஆப் இல்லாத நோயாளியைவிட ஆபத்தில் இருக்கிறார். அதற்கென்று தனியாக இருக்கும் 'காய்ச்சல்' பட்டனைத் தொட்டவுடனே, 'பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள், இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள், கீமோ எடுப்பவர் என்று முதலில் சொல்லுங்கள்' என்று திரை முழுக்க வர வேண்டும், கூடவே அழைக்க ஒரு எண். அந்த எண்ணை இரவு இரண்டு மணிக்கு யார் எடுப்பார் என்பதும் உங்கள் வடிவமைப்பில் அடக்கம். எடுக்க ஆள் இல்லையென்றால், பதிவுகள் இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை மட்டுமே பார்க்கப்படும் என்று முதல் நாளே பேசிப் புரியவைத்துவிடுங்கள். விதிமுறைப் பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் படிக்கப் போவதில்லை.

இப்போது கேள்விகளின் எண்ணிக்கை. நியூயார்க் ஆய்வில் பன்னிரண்டு, பிரெஞ்சு ஆய்விலும் ஏறக்குறைய அவ்வளவே. அதைத் தாண்டத் தேவை வருவது அபூர்வம். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனம் உருவாக்கிய ப்ரோ-சிடிசிஏஇ என்ற கேள்வி வங்கி இருக்கிறது. 78 உபாதைகள், அவற்றுக்கு 124 கேள்விகள். எத்தனை அடிக்கடி, எவ்வளவு கடுமை, அன்றாட வேலையை எவ்வளவு பாதித்தது என்று கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்கும். விடைகளுக்கு ஐந்து நிலைகள். முழுவதையும் யாரும் கேட்பதில்லை. மருந்துக்கு ஏற்றபடி பொறுக்கிக்கொள்ளலாம், அதற்காகத்தான் வங்கி. இந்த மாதிரி சரிபார்க்கப்பட்ட வினாத்தாள்களின் வாசகத்தை மட்டும் நீங்களாக மாற்றக் கூடாது. திரையில் இடம் போதவில்லை என்று 'கடந்த ஏழு நாட்களில்' என்பதை வெட்டினால் அது வேறு கேள்வியாகிவிடும், பழைய ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியாது. ஏழு நாளை நினைவுபடுத்திச் சொல்லும் கேள்வி என்பதால் வாரம் ஒரு முறை கேட்பது இயல்பாகப் பொருந்தும். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளின் 12 மையங்களில் 829 பேரிடம் தினமும் கேட்ட இ-ஸ்மார்ட் ஆய்வும் நல்ல பலன் காட்டியிருக்கிறது. ஆனால் தினமும் கேட்டால் தினமும் பார்க்க ஆள் வேண்டும்.

முகப் படங்கள் வேண்டாம் என்பது என் கருத்து. சிரிப்பிலிருந்து அழுகை வரை வரிசையாக இருக்கும், பரவலாகத் தெரிந்த வாங்-பேக்கர் முகங்கள் குழந்தைகளுக்காக வரையப்பட்டவை. கடைசி முகத்தில் கண்ணீர் இருக்கும். வலியையும் அழுகையையும் ஒன்றாக்கிவிட்டால், உயிர் போகிற வலியிலும் அழாதவர் எதைத் தொடுவார்? நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் அந்தக் கடைசி முகத்தைத் தொடவே கூச்சப்படுவார்கள். பூஜ்யம் முதல் பத்து என்பதும் பள்ளிக்கூடம் போனவர்களுக்குப் பழகியது, மற்றவர்களில் பலர் அதை மார்க்காக எடுத்துக்கொள்வார்கள். பத்துக்குப் பத்து நல்லதுதானே! 'இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, அதிகம், ரொம்ப அதிகம்' என்று வார்த்தைகளில் கேட்டுப் பக்கத்திலேயே குரலிலும் சொல்லவைப்பது நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்கிறது.

அளவுகோலைவிட, எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பது நோயாளியின் நாளோடு ஒட்ட வேண்டும். பேக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகளால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படும். "மரத்துப்போகிறதா?" என்றால் "லேசா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள் டே கேரில் அதே அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டபோது கொட்டித் தீர்த்துவிட்டார். புடவைக் கொசுவத்தைப் பிடித்தால் நழுவுகிறதாம். ஜாக்கெட் கொக்கியை மருமகள்தான் மாட்டிவிடுகிறாள். நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்ததே தெரியாமல் பத்தடி போயிருக்கிறார். ஃப்ரிட்ஜில் இருந்து பால் பாக்கெட்டை எடுத்தால் விரலில் ஊசி குத்துகிறது. மருந்தின் அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று டாக்டர் யோசிக்கத் தேவையான தகவல் இதெல்லாம். இந்த பாதிப்பு முற்றினால் சிகிச்சை முடிந்த பிறகும் முழுக்கச் சரியாகாமல் போகலாம் என்பதால் முன்னாலேயே தெரிய வேண்டும். அதற்காகச் சரிபார்த்த கேள்வியைத் தூக்கிவிட்டு இதைப் போடச் சொல்லவில்லை. கேள்விக்குக் கீழே உதாரணமாகவும், சிஸ்டர் திருப்பிக் கூப்பிடும்போது கேட்க வேண்டிய குறிப்பாகவும் வையுங்கள். திரைகளைத் தயாரித்ததும் பத்துப் பன்னிரண்டு நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் "இதை என்ன கேட்பதாக நினைச்சீங்க?" என்று கேளுங்கள். விடையைவிட அந்தப் பேச்சுதான் உங்களுக்கு வேண்டியது.

அடுத்தது மென்பொருள்காரர்கள் பெரும்பாலும் யோசிக்காத விஷயம்: போன் யார் கையில் இருக்கிறது? வீட்டில் ஸ்மார்ட்போன் மகனிடம் இருக்கும், மகன் வேலைக்குப் போயிருப்பார். நோயாளியின் பெயரில் விடை தருவது பல சமயம் மகளோ மருமகளோ. கூட இருப்பவர் வாந்தியை எண்ணிச் சொல்லிவிடலாம், சோர்வையும் மனச்சோர்வையும் அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே 'இப்போது பதில் சொல்வது நோயாளியா, கூட இருப்பவரா?' என்ற ஒன்றை முதலிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். தாம்பத்தியம், மாதவிலக்கு, சிறுநீர்க் கசிவு போன்றவற்றை மகன் கையில் இருக்கும் போனில் கேட்டால் விடை எப்போதும் 'இல்லை'தான். அவற்றை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டு, தனி அறையில் சிஸ்டர் கேட்பதற்கு விட்டுவிடுவது நல்லது.

இதைவிடச் சிக்கலானது ஒன்று உண்டு. அப்பாவுக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று அப்பாவிடமே சொல்லாத குடும்பங்கள் நம்மிடம் ஏராளம். "கட்டி, ஊசி போட்டால் கரைஞ்சிடும்" என்று சொல்லிக் கூட்டி வந்திருப்பார்கள். அது சரியா தவறா என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. ஆனால் உங்கள் ஆப்பின் பெயரிலேயே 'கேன்சர்' என்று இருந்து, பூட்டிய திரையில் 'உங்கள் கேன்சர் உபாதைகளைப் பதிவு செய்ய நேரமாகிவிட்டது' என்று செய்தி வந்தால், டாக்டரும் குடும்பமும் பேசி எடுக்க வேண்டிய முடிவை ஒரு நோட்டிஃபிகேஷன் எடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்களுக்கும் இதே பிரச்சினை. பெயர், ஐகான், எஸ்எம்எஸ் வாசகம் எல்லாம் பொத்தாம்பொதுவாக இருக்கட்டும். 'இந்த வார உடல்நலக் கேள்விகள்' என்றால் போதும். சட்டமும் இருக்கிறது: 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ பார்க்க வழி இருக்க வேண்டும். தமிழ் அதில் உண்டு. நோயைத் தெரியாதவரிடம் என்ன சொல்லி ஒப்புதல் வாங்குவது என்பதை மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் கொண்டுபோங்கள், நீங்களாக ஒரு பத்தியை எழுதிவிடாதீர்கள்.

ஆப்தான் வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. ப்ரோ-டெக்ட் ஆய்வில் இணையமா தொலைபேசியா என்று நோயாளிகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அமெரிக்காவிலேயே மூன்றில் ஒரு பங்கினர் தானியங்கிக் குரல் அழைப்பைத்தான் எடுத்தார்கள். அப்படியும் அனுப்பிய வாராந்திரக் கேள்வித்தாள்களில் 91.5 சதவீதம் நிரம்பி வந்தன. நியூயார்க் ஆய்வில் கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது மட்டுமே அங்கிருந்த கணினியில் பதிவு செய்தார்கள். அதிகப் பயன் கிடைத்தது அவர்களுக்குத்தான் என்பது அந்த ஆய்வின் ஆச்சரியம். படித்த, இங்கிலீஷ் தெரிந்த, எதுவானாலும் டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பத் தெரிந்தவருக்கு உங்கள் கருவியால் பெரிதாக ஒன்றும் கூடப் போவதில்லை. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி வருகிறவருக்குத்தான் கூடும். அவரிடம் இருப்பது பட்டன் போன் என்றால், மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு குரல் அழைப்பு, ஒன்று முதல் ஐந்து வரை பட்டன். அழைக்கும் எண்ணை டே கேரிலேயே அவர் போனில் பெயரோடு சேமித்துக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் லோன்காரர்கள் என்று எடுக்க மாட்டார்.

பதில் வராததையும் பதிலாகப் பாருங்கள். ரொம்ப முடியாமல் போகும்போதுதான் ஆள் பதிவு செய்வதை நிறுத்துவார். ஒரு வாரம் விடுபட்டால் நினைவூட்டல், இரண்டாவதும் விடுபட்டால் சிஸ்டரின் பட்டியலில் அவர் பெயர் மேலே வர வேண்டும். பல டேஷ்போர்டுகளில் பார்த்திருக்கிறேன், பதில் தராதவர்கள் சாம்பல் நிறத்தில் அடியில் கிடப்பார்கள். உங்களுடையதில் அப்படி வேண்டாம்.

சாட்பாட்டைக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் உங்கள் முதலீட்டாளர் கேட்பார். நோயாளி பேச்சில் சொல்வதை எழுத்தாக்கி உபாதையாகப் பிரித்துத் தருவது உதவியாக இருக்கலாம். பதிலுக்கு ஆலோசனை சொல்ல அதை விடுவது இன்றைய நிலையில் சரியில்லை. மேலே சொன்ன ஆய்வுகளில் எச்சரிக்கைகளைப் பார்த்து நடவடிக்கை எடுத்தவர்கள் மனிதர்கள். அந்த இடத்தில் இயந்திரத்தை வைத்தாலும் அதே பலன் வரும் என்று அந்த எண்களைக் காட்டிச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு யோசனை. ஒரு வரி கோடு எழுதுவதற்கு முன், ஒரு மாதம் காகிதத்திலும் சாதாரண போனிலும் இதை நடத்திப் பாருங்கள். இருபது நோயாளிகள், பன்னிரண்டு கேள்விகள், வாரம் ஒரு முறை கூப்பிட ஒரு ஆள். எச்சரிக்கை எல்லையைத் தாண்டும் பதில்கள் வாரத்துக்கு எத்தனை வருகின்றன, ஒவ்வொன்றையும் கவனித்து முடிக்க சிஸ்டருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை உங்கள் மருத்துவமனையில் கீமோ எடுக்கும் மொத்த எண்ணிக்கைக்குப் பெருக்கினால், எத்தனை பேருடைய பணிநேரம் வேண்டும் என்று வந்துவிடும். அந்தக் கணக்கோடு நர்சிங் சூப்பரின்டெண்டைப் போய்ப் பாருங்கள். டியூட்டி சார்ட்டில் அதற்கு ஆள் ஒதுக்கி எழுத்தில் தந்தால் ஆப்பைத் தொடங்கலாம். தரவில்லையென்றால், ஒதுக்கக் கிடைக்கிற நேரத்துக்கு எத்தனை நோயாளிகளைப் பார்க்க முடியுமோ அத்தனை பேரோடு மட்டும், ஆபத்து அதிகமுள்ள மருந்துகளில் இருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள்.